பேஸ்டம் கிரேக்கக் கோயில்களுக்கு ஒரு நாள் தனிப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியில் நேப்பிள்ஸுக்குத் தெற்கே, சலேர்னோ வளைகுடாவை ஒட்டிய சமவெளியில் மூன்று கிரேக்கக் கோயில்கள் நிற்கின்றன. ஊரின் பெயர் பேஸ்டம். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை அவசர அவசரமாக, வெறும் ஐம்பது நிமிடம். இரண்டாம் முறை அம்மா, அப்பா, தங்கை, அவள் பையன் என்று ஐந்து பேராக வண்டி பேசிக்கொண்டு, விடிகாலையில் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பினோம். அதிலிருந்து, இத்தாலிக்குக் கிளம்பும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்காமல் விமானம் ஏறுவதில்லை. அவர்கள் கேட்டவற்றையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

கிரேக்கக் கோயில் பார்க்க கிரீஸுக்குத்தானே போக வேண்டும்? இத்தாலியில் எப்படி?

கி.மு. எட்டாம் நூற்றாண்டிலிருந்தே கிரேக்கர்கள் கப்பலேறி வந்து தென் இத்தாலியிலும் சிசிலியிலும் குடியேறினார்கள். அப்படி வளர்ந்த நகரங்களில் ஒன்று சிபாரிஸ். அங்கிருந்து கிளம்பியவர்கள் ஏறக்குறைய கி.மு. 600-இல் இந்தச் சமவெளியில் ஒரு ஊரை உண்டாக்கி, கடல் தெய்வமான பொசெய்டனின் பெயரால் பொசெய்டோனியா என்று அழைத்தார்கள். பேஸ்டம் என்பது பிற்பாடு ரோமானியர் வாயில் நிலைத்த பெயர்.

மூன்று கோயில்களும் ஏறக்குறைய நூறாண்டு இடைவெளிக்குள் எழுந்தவை. ஒன்று கி.மு. 550 வாக்கில், அடுத்தது 500 வாக்கில், கடைசியானது 460 வாக்கில். இவ்வளவு முழுமையாக நிற்கும் கோயில்கள் கிரீஸிலேயே குறைவு. அதற்குக் காரணம் ஒரு துயரம். ஆற்று நீர் வடியாமல் நிலம் சதுப்பாகி, மலேரியா பரவி, எஞ்சியிருந்த மக்கள் மலைமேல் ஏறிவிட்டார்கள். கீழே கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொள்ளப் பெரிய ஊர் எதுவும் இல்லாமல் போனது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் வரத் தொடங்கியபோது, கோயில்களைச் சுற்றி எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஜெர்மானியக் கவிஞர் கெதே 1787 மார்ச் மாதம் வந்தார். ரோமாபுரிக் கட்டடங்களை வரைந்து புகழ்பெற்ற பிரனேசி அதற்கு முன்பே வந்து இவற்றை வரைந்துவிட்டுப் போயிருந்தார்.

எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெய்யையும் பேஸ்டத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

என் முதல் பயணம் அப்படித்தான் வீணானது. ஒரு முகவர் மூலமாக இரண்டு இடமும் சேர்த்துப் பதிவு செய்திருந்தேன். பொம்பெய்யில் கூட்டம், வெயில். மூன்று மணி நேரம் நடந்து கால் ஓய்ந்த பிறகு வண்டியில் ஏற்றினார்கள். பேஸ்டம் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. "ஐம்பது நிமிடம், அப்புறம் கிளம்ப வேண்டும்" என்றார்கள். மூன்று கோயில்களின் முன்னாலும் நின்று படம் எடுத்தேன். அருங்காட்சியகத்துக்குள் நுழையவே முடியவில்லை. ஊருக்குத் திரும்பிப் படங்களைப் பார்த்தபோது எது எந்தக் கோயில் என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு தூரம் போய்விட்டு இப்படி வந்தோமே என்று வெகுநாள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

பொம்பெய்க்கு ஒரு நாள், பேஸ்டத்துக்கு ஒரு நாள். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், ஒன்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள். தனி வண்டிக்குக் கூடுதலாகச் செலவு செய்வது தூரத்தைக் கடக்க மட்டுமல்ல. ஓரிடத்தில் நாம் விரும்பும்வரை உட்கார்ந்திருக்கும் உரிமைக்காகவும்தான். அந்த உரிமையை நாமே இரண்டாக வெட்டிக்கொள்ளக் கூடாது.

நேப்பிள்ஸிலிருந்து எவ்வளவு தூரம்?

ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். சலேர்னோ வரை நெடுஞ்சாலை, அதன் பின் பத்திப்பாலியா அருகே இறங்கி மாநிலச் சாலை. நெரிசல் இல்லையென்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். சலேர்னோவில் தங்கியிருந்தால் இன்னும் பக்கம்.

அமால்ஃபி கடற்கரை ஊர்களில் தங்குபவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். வரைபடத்தில் பக்கத்தில் தெரியும். ஆனால் அந்த மலைச் சாலை ஒருவருக்கொருவர் ஒதுங்கி வழிவிட்டுப் போக வேண்டிய சாலை. அமால்ஃபியிலிருந்து சலேர்னோவுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்தான் என்றாலும் ஒரு மணி நேரம் பிடிக்கும். பொசித்தானோவிலிருந்தும் சொரெந்தோவிலிருந்தும் போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். வாந்தி வரும் பிள்ளைகளுக்குக் கிளம்பும் முன்பே மாத்திரை கொடுத்துவிடுவது நல்லது.

ரயில் இருக்கிறதாமே. தனி வண்டி எதற்கு?

ஒருவரோ இருவரோ என்றால், நடக்கத் தெம்பும் இருந்தால், ரயிலிலேயே போங்கள். நேப்பிள்ஸ் மத்திய நிலையத்திலிருந்து நேராக பேஸ்டத்துக்கே வட்டார ரயில் போகிறது. இறங்கியதும் எதிரே பழைய நகரத்தின் கிழக்கு வாசலான சிரேனா வாசல். கிரேக்கரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கட்டிய மதில் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்கு இன்றும் நிற்கிறது. அந்த வாசல் வழியாக நடந்து ஊருக்குள் நுழைவது வண்டியில் போகிறவர்களுக்குக் கிடைக்காத அனுபவம். அங்கிருந்து கோயில்களுக்குக் கால் மணி நேர நடை. கட்டணமும் வண்டி வாடகையோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. காகிதச் சீட்டு எடுத்தால் ஏறுமுன் நடைமேடை எந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள மறக்காதீர்கள், இல்லையென்றால் அபராதம் கட்ட நேரும்.

ஆனால் ரயில்கள் அடிக்கடி கிடையாது. வேலைநிறுத்தம் என்று அறிவித்துவிட்டால் நாளே போய்விடும். பெரியவர்கள், சின்னப் பிள்ளைகள், நான்கைந்து பேர் என்றால் வண்டிதான் நிம்மதி. மேலும் இந்தப் பக்கத்தின் கடைசியில் நான் சொல்லப்போகும் இடத்துக்கு ரயில் போகாது.

வண்டி பேசும்போது என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

ஓட்டுநரோடு வாடகைக்கு வரும் வண்டிகளுக்கு இத்தாலியில் தனி உரிமம் உண்டு. என்.சி.சி. என்ற எழுத்துகள் வண்டியிலேயே இருக்கும். அது இல்லாத வண்டியில் ஏற வேண்டாம்.

வாடகை கிலோமீட்டருக்கா, மணிக் கணக்கிலா என்று முதலில் கேளுங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம், அதைத் தாண்டினால் என்ன கட்டணம், டோலும் வண்டி நிறுத்தும் காசும் சேர்த்தா, குழந்தை இருக்கை உண்டா, இவை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். நடுவில் கடைகளில் நிறுத்துவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். இத்தாலியில் கைச்செதுக்கு நகைக் கடைகளுக்குப் பயணிகளை இறக்கிவிடுவது சாதாரணம். வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

நாங்கள் பத்து மணி நேரத்துக்குப் பேசினோம். எட்டு மணி நேரத்துக்குப் பேசியிருந்தால் அந்த மாலை வெளிச்சம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஓட்டுநரே எல்லாவற்றையும் சுற்றிக் காட்டி விளக்குவாரா?

மாட்டார், அவர் செய்யவும் கூடாது. தொல்லியல் இடங்களுக்குள் விளக்கிச் சொல்ல உரிமம் பெற்ற வழிகாட்டி வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம். ஓட்டுநர் வண்டியில் வரும்போது எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். எங்களுடையவர் சலேர்னோவைத் தாண்டியதும் கடற்கரையைக் காட்டி, 1943 செப்டம்பர் 9 அன்று நேச நாட்டுப் படைகள் அங்கே இறங்கியதைச் சொல்லிக்கொண்டே வந்தார். அமெரிக்கப் படையின் ஒரு பகுதி பேஸ்டம் கடற்கரையில்தான் கால் வைத்தது. அவ்வளவு குண்டுவீச்சுக்கு நடுவிலும் கோயில்கள் தப்பின.

வழிகாட்டியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். முழு நாளும் தேவையில்லை, இரண்டு மணி நேரம் போதும். மீதி நேரம் உங்களுடையதாக இருக்கட்டும்.

மூன்று கோயில்களையும் எந்த வரிசையில் பார்ப்பது? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்?

படத்தில் ஒரே மாதிரி தெரியும். நேரில் அப்படியில்லை. கட்டிய வரிசையிலேயே பாருங்கள். நூறு ஆண்டுகளில் ஒரு கைத்தொழில் எப்படிப் பக்குவப்பட்டது என்பது கண் முன்னால் விரியும்.

தெற்குக் கோடியில் இருப்பது மூத்த கோயில். ஹீரா தேவிக்கு உரியது. இன்றும் பலகைகளில் 'பசிலிக்கா' என்று பார்ப்பீர்கள். முகப்பின் மேலே இருக்க வேண்டிய முக்கோணக் கூரை விழுந்துவிட்டதாலும், முன்புறம் ஒன்பது தூண்கள் இருந்ததாலும், பதினெட்டாம் நூற்றாண்டில் வந்தவர்கள் இதைக் கோயில் என்றே நம்பவில்லை. ரோமானியர்களின் பொது மண்டபம் என்று நினைத்து அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். ஒன்பது என்ற எண்ணைக் கவனியுங்கள். ஒற்றைப்படை என்பதால் சரியாக நடுவில் ஒரு தூண் வந்து நிற்கும், நடு வாசலுக்கு இடமே இல்லை. உள்ளே கூரையைத் தாங்க நடுவில் ஒரு வரிசைத் தூண்களை நட்டிருந்தார்கள், அதனால் முகப்பும் அப்படி அமைந்தது. பக்கத்துக்குப் பதினெட்டு என, சுற்றிலும் மொத்தம் ஐம்பது தூண்கள். ஐம்பதும் இன்றும் நிற்கின்றன.

தூண்களின் நடுவயிறு நன்றாகவே புடைத்திருக்கும். மேலே தலைப்பகுதி, பாரம் ஏறி அமுங்கிய தலையணைபோல் பரந்திருக்கும். கட்டியவர்களுக்குக் கல்மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை என்று எனக்குப் பட்டது. அப்பா வாழ்நாளெல்லாம் கட்டட வேலை பார்த்தவர். தூணைத் தட்டக் கூடாது என்று தெரிந்ததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடியே ஐம்பது தூண்களையும் ஒரு சுற்று சுற்றி வந்தார்.

அடுத்தது வடக்கே, அதீனாவின் கோயில். அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். நடுவில் ரோமானியரின் சந்தைவெளியும் வீடுகளும் வரும். மூன்றில் இதுதான் சின்னது, முகப்பில் ஆறு, பக்கத்தில் பதின்மூன்று தூண்கள். வெளியே முழுக்க அலங்காரம் குறைந்த டோரிக் பாணி. உள்முகப்பில் மட்டும் சுருள் தலைகள் கொண்ட ஐயோனிக் தூண்களை வைத்திருந்தார்கள். இரண்டு பாணிகளையும் ஒரே கோயிலில் கலந்து பார்த்த மிகப் பழைய முயற்சிகளில் இது ஒன்று. பிற்காலத்தில் இதையே கிறிஸ்தவக் கோயிலாக மாற்றிக்கொண்டார்கள்.

கடைசியாகத் தெற்கே திரும்பி வாருங்கள். மூத்த கோயிலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது மூன்றாவது. 'நெப்டியூன் கோயில்' என்று பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, ஊரின் பெயரில் பொசெய்டன் இருக்கிறாரே என்று பழைய பயணிகள் வைத்த பெயர். ஹீராவுக்கு உரியது என்று ஒரு சாராரும், அப்பல்லோ அல்லது ஜீயஸ் என்று மற்றவர்களும் வாதிடுகிறார்கள். முகப்பில் ஆறு, பக்கத்தில் பதினான்கு, மொத்தம் முப்பத்தாறு தூண்கள். இரண்டு முனைகளிலும் முக்கோண முகப்பு அப்படியே இருக்கிறது. உள்ளே, தூண்மேல் தூணாக இரண்டு அடுக்கு இன்னும் நிற்கிறது. டோரிக் தூணில் வழக்கமாக இருபது நெடுவரிகள் செதுக்குவார்கள், இங்கே இருபத்துநான்கு. அதனால் நிழல்கோடுகள் நெருங்கி, பருத்த தூணும் மெலிந்து உயர்ந்ததுபோல் தெரிகிறது. முதல் கோயிலில் பார்த்த தயக்கம் எதுவும் இதில் இல்லை.

நம் கோயில்களைப் போல உள்ளே போய்க் கும்பிட்டிருப்பார்களா?

இல்லை. தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பிய ஓர் அறையில் தெய்வத்தின் சிலை இருக்கும். அதுவரை நம் கருவறை மாதிரிதான். வாசலும் கிழக்கு நோக்கியே. ஆனால் கூட்டம் கூடியதும் வழிபாடு நடந்ததும் வெளியே, வெட்டவெளியில். கோயிலுக்குக் கிழக்கே கல்லால் கட்டிய நீண்ட பலிபீடம் இருக்கும். அங்கேதான் பலியிடுவார்கள், தீ வளர்ப்பார்கள், இறைச்சியைப் பகிர்ந்து உண்பார்கள். பலர் தூண்களை மட்டும் படமெடுத்துவிட்டு பலிபீடத்தின் அடித்தளத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். நீங்கள் அதன் அருகே நின்று கோயிலைத் திரும்பிப் பாருங்கள். பக்தன் நின்று பார்த்த இடம் அதுதான்.

இப்போது தேன் நிறத்தில் தெரியும் கல்லும் அந்தக் காலத்தில் இப்படித் தெரிந்திருக்காது. அது இந்த ஊர்ச் சுண்ணாம்புக்கல், துளை துளையாக இருக்கும். அதன்மேல் வெள்ளைச் சாந்து பூசி வழவழப்பாக்கி, மேற்பகுதிகளுக்கு வண்ணமும் தீட்டியிருந்தார்கள்.

அருங்காட்சியகம் கட்டாயமா? நேரம் குறைவாக இருந்தால் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். கோயில்களுக்கு எதிரே சாலையைக் கடந்தால் போதும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் பாய்பவன் கல்லறை. 1968 ஜூன் 3 அன்று, நகரத்துக்குத் தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி மாரியோ நாப்போலி என்ற தொல்லியலாளர் கண்டெடுத்தார். ஐந்து கற்பலகைகளால் ஆன ஒரு பெட்டி, காலம் கி.மு. 480-470. நான்கு பக்கப் பலகைகளிலும் விருந்து நடக்கிறது. ஆண்கள் சாய்ந்து படுத்திருக்கிறார்கள், குடிக்கிறார்கள், ஒருவன் குழல் ஊதுகிறான். மூடிப் பலகையில் விருந்தும் இல்லை, கூட்டமும் இல்லை. ஓர் இளைஞன் உயரமான மேடையிலிருந்து நீரில் பாய்கிறான், அந்தரத்தில் இருக்கிறான். இரண்டு மரங்கள். அவ்வளவுதான். வாழ்வைவிட்டு மறுகரைக்குப் பாய்வது என்று பலர் பொருள் சொல்கிறார்கள். வரையப்பட்டிருப்பதோ பெட்டியின் உட்புறத்தில். மூடிய பிறகு யார் கண்ணிலும் படாது, உள்ளே மல்லாந்து கிடப்பவனுக்கு நேர் மேலே அந்தப் பாய்ச்சல். அம்மா அந்தப் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "செத்தவனுக்காகவே வரைஞ்சிருக்காங்க" என்று மெல்லச் சொன்னார்.

அடுத்து, செலே ஆற்று முகத்துவாரத்தில் இருந்த ஹீரா கோயிலின் சிற்பப் பலகைகள். நகரத்துக்கு வெளியே சதுப்புக்குள் புதைந்து கிடந்த அந்தக் கோயிலை 1934-இல் பவோலா ஸன்கானி மொந்துவோரோ, உம்பெர்த்தோ ஸனோத்தி பியாங்கோ என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். மலேரியா பரவிய சேற்றில் அவர்கள் வேலை செய்த காலம் முசோலினியின் ஆட்சிக் காலம், ஸனோத்தி பியாங்கோ அந்த ஆட்சியை எதிர்த்து, காவலர்களின் கண்காணிப்பில் இருந்தவர். பலகைகளில் கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸின் சாகசங்கள் வரிசையாக வருகின்றன. ஒன்றில், குறும்பு செய்த இரண்டு திருடர்களைத் தலைகீழாகக் கழியின் இருமுனையிலும் கட்டி, காவடிபோல் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான். தங்கையின் பையன் மொத்தப் பயணத்திலும் இன்றுவரை மறக்காமல் சொல்வது அதைத்தான்.

மூன்றாவது, வெண்கலக் குடங்கள். நகரத்தின் நடுவே நிலத்தடியில், வாசலே இல்லாத ஒரு சின்னக் கல்லறை போன்ற அறை 1954-இல் கிடைத்தது. காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் கடைசி. உள்ளே எட்டு வெண்கலக் குடங்கள், அவற்றில் பிசுபிசுப்பான ஒரு பொருள். உடல் எதுவும் இல்லை. அந்தப் பொருள் தேனா, வேறு ஏதாவது கொழுப்பா என்று பல பத்தாண்டுகள் விவாதம் நடந்தது. 2025-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் புதிய கருவிகளால் மீண்டும் சோதித்துத் தேன்தான் என்று காட்டினார்கள். யாருக்கும் தெரியாத ஒரு தெய்வத்துக்கோ வீரனுக்கோ படைத்த தேன், 2,500 ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கிறது.

அங்கே வாழ்ந்த கிரேக்கர்கள் கடைசியில் என்ன ஆனார்கள்?

யாரும் அடிக்கடி கேட்காத கேள்வி. என் அப்பா வழிகாட்டியிடம் கேட்டார். அதற்குக் கிடைத்த பதிலுக்காகவே நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் மலைப்பக்கத்திலிருந்து வந்த லூக்கானியர்கள் நகரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கோயில்களை அவர்கள் இடிக்கவில்லை. தங்கள் கல்லறைகளில் தேரோட்டமும் போர்வீரன் வீடு திரும்பும் காட்சியும் வரைந்தார்கள், அவையும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கி.மு. 273-இல் ரோமானியர்கள் தங்கள் குடியேற்ற நகரமாக்கினார்கள். நகரத்தார் கூடி முடிவெடுத்த வட்ட வடிவ அவையை மண் கொட்டி நிரப்பினார்கள். இன்று அதன் படிகளை மறுபடி தோண்டி வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இந்த மாற்றத்துக்கு நடுவே வாழ்ந்தவர்களைப் பற்றித் தென் இத்தாலியின் தராந்தோ ஊர்க்காரரான அரிஸ்தோக்ஸெனஸ் எழுதியது, வேறொருவர் நூலில் மேற்கோளாகத் தப்பியிருக்கிறது. பொசெய்டோனியா மக்கள் கிரேக்கர்களாக இருந்தவர்கள். பின்னர் பேச்சும் பழக்கங்களும் முழுக்க மாறிவிட்டன. ஆனாலும் ஒரே ஒரு கிரேக்கத் திருவிழாவை மட்டும் விடாமல் கொண்டாடினார்கள். அன்று எல்லோரும் கூடி, தங்கள் பழைய சொற்களையும் வழக்கங்களையும் நினைவுக்குக் கொண்டுவந்து, ஒருவரோடொருவர் சேர்ந்து புலம்பி அழுதுவிட்டுக் கலைந்து போவார்களாம்.

வழிகாட்டி இதைச் சொன்ன இடம் அந்த வட்ட அவையின் ஓரம். தங்கை கனடாவில் இருக்கிறாள். அவள் பையனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. "மறந்த சொல்லை எப்படி நினைவுபடுத்திக்கிட்டாங்க?" என்று அவள் கேட்டாள். வழிகாட்டியிடம் அதற்குப் பதில் இல்லை. அப்பா பேரன் தோளில் கை போட்டுக்கொண்டு, அங்கே கிடந்த ஒவ்வொன்றையும் காட்டி கல், படி, புல், பல்லி என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அவனும் திருப்பிச் சொன்னான்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் கோயில் வளாகத்தில் நிழல் என்பதே கிடையாது, பெரியவர்களை அழைத்துப் போக வேண்டாம். கோயில்கள் கிழக்கு நோக்கியிருப்பதால் காலை வெயில் முகப்பில் விழும். சாயங்காலம் மேற்குப் பக்கத்திலிருந்து பாருங்கள், கல் முழுக்க மஞ்சளாகிச் சிவக்கும். நடுப்பகலை அருங்காட்சியகத்துக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொண்டால் நாள் சரியாக அமைந்துவிடும்.

மாதத்தின் முதல் ஞாயிறு நுழைவு இலவசம். அதனாலேயே கூட்டம் அதிகம், தனி வண்டிக்குச் செலவு செய்பவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் எல்லா நாளும் இலவசம், கடவுச்சீட்டைக் காட்ட வேண்டியிருக்கும். மூடும் நேரம் பருவத்துக்கேற்ப மாறுவதால் முந்தின இரவே பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

முட்டிவலி உள்ளவர்களால் நடக்க முடியுமா?

முடியும். நிலம் சமதளம், மலையேற்றம் இல்லை. பெரும்பாலும் புல்லும் மண்பாதையும். ரோமானியரின் பழைய கற்சாலையில் மட்டும் கல் மேடுபள்ளமாக இருக்கும், அதை ஒதுக்கிப் பக்கவாட்டில் நடக்கலாம். மூத்த ஹீரா கோயிலுக்குள் சக்கர நாற்காலியும் ஏறும்படி சரிவுப் பாதை போட்டிருக்கிறார்கள். அம்மா கைத்தடியோடு அதில் ஏறி, இரண்டு தூண் வரிசைகளுக்கு நடுவே நின்றார்.

சாப்பாடு? நாங்கள் சைவம்.

இது எருமைப் பால் ஊர். இந்தச் சமவெளியின் மொத்ஸரெல்லா பாலாடைக்கட்டி உலகப் புகழ் பெற்றது, காலையில் செய்ததை அன்றைக்கே சாப்பிட வேண்டும். பண்ணைகளிலேயே கடை உண்டு, எருமைகளையும் பார்க்கலாம், எருமைத் தயிரும் கிடைக்கும்.

கண்டிப்பான சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மரபுப்படி செய்யும் மொத்ஸரெல்லாவில் பாலைத் திரிக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள். அதன் இத்தாலியப் பெயர் 'கால்யோ'. உங்களுக்கு அது ஆகாதென்றால் பாலாடைக்கட்டியே இல்லாத மரினாரா பீட்ஸா கேளுங்கள், தக்காளி, பூண்டு, ஓரிகனோ, எண்ணெய் மட்டும்தான். தக்காளி பாஸ்தாவும் எங்கும் கிடைக்கும், மேலே சீஸ் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வசந்த காலத்தில் போனால் இந்த ஊரின் ஆர்ட்டிசோக் மொட்டுகளைச் சுட்டுத் தருவார்கள், தவறவிடாதீர்கள்.

அதே நாளில் வேலியாவையும் சேர்க்கலாமா?

வேலியா தெற்கே இன்னும் நாற்பது கிலோமீட்டர். பழைய பெயர் எலேயா, மெய்யியலாளர்கள் பார்மெனிடிஸும் ஜீனோவும் வாழ்ந்த ஊர். தத்துவத்தில் பித்துள்ளவர்கள் ஓரிரவு அந்தப் பக்கமே தங்கி மறுநாள் பாருங்கள். ஒரே நாளில் வேண்டாம், காரணம் மேலே பொம்பெய்க் கேள்வியில் சொன்னதுதான்.

திரும்பும் வழியில் எங்காவது நிறுத்தலாமா?

ஓரிடம். சமவெளிக்கு மேலே கல்பாஸியோ மலையில், பழைய கப்பாச்சோ ஊர் இருந்த இடத்தில் ஒரு மாதா கோயில் இருக்கிறது. மலேரியாவுக்கு அஞ்சி பேஸ்டத்தைவிட்டு மேலே ஏறிய மக்களின் கோயில். 'மதோன்னா தெல் கிரனாத்தோ', அதாவது மாதுளை மாதா. வண்டி இருந்தால்தான் போக முடியும். மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று ஓட்டுநரை முன்னதாகவே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.

அருங்காட்சியகத்தில் ஹீராவின் சிறு உருவங்களைப் பார்க்கும்போது கையை நன்றாகக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அரியணையில் அமர்ந்த தேவி, கையில் ஒரு மாதுளம்பழம். மலைமேல் ஏறி அந்தக் கோயிலுக்குள் போனால், மரியாள் குழந்தையை அணைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். இன்னொரு கையில் மாதுளை.

நாங்கள் போனபோது உள்ளே ஒரு பாட்டி மட்டும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் சற்று நகர்ந்து இடம் விட்டார். அம்மாவும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். வெளியே வந்தபோது கீழே சமவெளி இருட்டத் தொடங்கியிருந்தது.